குவில்ட் லேபிள் எம்பிராய்டரி: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்கள் மாதக்கணக்கில் பொறுமையாக உழைத்துவிட்டுக் கடைசியில் லேபிளில் வந்து சலித்துப்போகிறார்கள். உள்ளங்கை அகலத் துணியில் நாலு வரிதான் வேலை: தைத்தவர் பெயர், யாருக்காகத் தைத்தது, ஊர், ஆண்டு. அதற்குள் நூல் அறுகிறது, துணி சுருங்குகிறது, ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோல் தெரிகின்றன. மெஷினே சரியில்லை என்று முடிவுகட்டி மார்க்கர் பேனாவால் எழுதிவிடுகிறார்கள், அல்லது லேபிள் இல்லாமலே கொடுத்துவிடுகிறார்கள். பெயர் இல்லாத போர்வை இரண்டு தலைமுறை தாண்டிவிட்டால், அது யார் கைவேலை என்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. அவ்வளவு பெரிய வேலைக்கு இந்தச் சின்னத் துணியால் அந்தக் கதி வரக்கூடாது.

தெரிந்தவர்களின் லேபிள்களையும் மெஷின்களையும் தொடர்ந்து பார்த்துக் கொடுத்துவருகிறேன். திரும்பத் திரும்ப வருபவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் காரணங்கள்தான். ஊசி, நூல் கோத்த விதம், துணிக்கு அடியில் வைக்கும் தாள் ஆகிய மூன்றிலேயே பெரும்பாலானவை தீர்ந்துவிடும். டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, தொடுவது அதற்குப் பிறகு. மெக்கானிக் எல்லாவற்றுக்கும் கடைசி. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்திலிருந்து செலவு பிடிக்கும் காரணம் வரை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி இருக்கும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லாரும் செய்துவிட்டுப் போங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் செய்ய வேண்டியவை

மேல் நூலை முழுவதுமாக உருவிவிட்டு மறுபடி கோர்த்துவிடுங்கள். கோர்க்கும்போது பாதம் மேலே தூக்கியிருக்க வேண்டும். பாதம் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் இறுகி மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் மேலோடு நின்றுவிடும். கோர்த்தபின் பாதத்தை இறக்கி நூலை ஊசிக்கு அருகே பிடித்து இழுத்துப் பாருங்கள். கை உணரும்படி இறுக்கம் இருக்க வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னும் சரியாகக் கோக்கவில்லை என்று பொருள்.

அடுத்து ஊசி. பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்று வாதாடாமல் புதிதாகப் போடுங்கள். லேபிள் வேலைக்கு 11 நம்பர் எம்பிராய்டரி ஊசி, அதாவது உறையில் 75/11 என்று அச்சிட்டிருப்பது. பிளவுஸ் தைத்த 16 நம்பர் ஊசியால் சிறிய எழுத்து எழுதினால் ஒவ்வொரு குத்தும் ஓட்டையாகத் தெரியும். கடையில் கேட்கும்போது வீட்டு மெஷின் ஊசி என்று சொல்லிக் கேளுங்கள். அதன் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்சாலை மெஷினுக்கான ஊசியின் தண்டு முழு உருளை. அது வீட்டு மெஷினில் நுழைந்தாலும் சரியான இடத்தில் உட்காராது. பெரும்பாலான வீட்டு மெஷின்களில் தட்டைப் பக்கம் பின்னோக்கி இருக்கும். ஊசியை முட்டும்வரை மேலே தள்ளி, அதன்பிறகே திருகை முடுக்குங்கள்.

மூன்றாவது, கீழ் நூல் சுற்றிய பாபினை எடுத்துவிட்டு அந்தக் குழியைச் சிறு தூரிகையால் துடைத்தெடுங்கள். ஊதாதீர்கள், பஞ்சுத்தூசி இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பாபினை மெஷின் கையேட்டில் காட்டியிருக்கும் திசையிலேயே போட்டு, நூல் அந்தச் சிறு இரும்புத் தகட்டுக்கு அடியில் போகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் ஆனபின், லேபிளுக்கு எடுத்த அதே துணியின் துண்டில், அதே தாளை அடியில் வைத்து, இரண்டு எழுத்து மட்டும் போட்டுப் பாருங்கள். வேறு துணியில் சோதித்தால் அந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை. இத்தோடு தீராதவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

அறிகுறி: அடியில் நூல் கூடுபோல் கட்டிக்கொள்கிறது

அடியில் சிக்குவதால் எல்லாரும் பாபினைத்தான் குறைசொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி மேல் நூல். அது டென்ஷன் தட்டுக்குள் போகவில்லை; அதனால் அளவில்லாமல் அடியில் இறங்கிக் குவிகிறது. மேலே சொன்னபடி மறுபடி கோர்த்தாலே போதும்.

கூடு தொடக்கத்தில் மட்டும் கட்டினால் வேறு காரணம்: முதல் நாலைந்து குத்துக்கு நூல் நுனியை யாரும் பிடிக்கவில்லை. மேல் நூல், கீழ் நூல் இரண்டின் நுனியையும் விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். பிறகு நிறுத்தி, வால் நுனியை வெட்டிவிட்டுத் தொடர்ந்து ஓட்டலாம்.

நடுவில் திடீரென்று கட்டினால், துணியைப் பிடித்துவைக்கும் எம்பிராய்டரி வளையத்துக்கு வெளியே தொங்கும் துணி மடிந்து ஊசிக்கு அடியில் போயிருக்கிறதா என்று பாருங்கள். துணி மடியவில்லை, நூலும் சரி என்றால் துணி வளையத்தில் தளர்ந்திருக்கிறது. ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்பும். கீழே சரியான கண்ணி விழாது.

கூடு கட்டியபின் துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஊசியை மேலே ஏற்றி, வளையத்தைச் சற்றுத் தூக்கி, அடியில் சிறு கத்திரியை நுழைத்து நூலை வெட்டி எடுங்கள். இழுத்தால் ஊசி வளையும். வளைந்த ஊசி தகட்டில் இடிக்கும். செலவு அங்கேதான் தொடங்குகிறது.

அறிகுறி: மேல் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

அறுந்த நுனியைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். காரணத்தை அதுவே சொல்லிவிடும்.

நுனி பஞ்சுபோல் பிரிந்திருந்தால்: நூல் எங்கோ உரசித் தேய்கிறது. முதல் சந்தேகம் ஊசிக்கண். 40 எண் நூலுக்கு 11 நம்பர் ஊசி போதும். சரிகை நூல் போன்ற உலோகப் பூச்சு நூலுக்கு 14 நம்பரில், கண் நீளமான ஊசி வேண்டும். சரிகை நூலைக் கண்டிலிருந்து மெஷினுக்கு நேராகக் கொடுக்காமல், கண்டை ஓரடி தள்ளிப் பின்னால் நிறுத்திவையுங்கள். முறுக்கு அவிழ்ந்து வர இடம் கிடைக்கும். வேகத்தையும் பாதியாகக் குறையுங்கள். லேபிள் எழுத்துக்கு நிமிடத்துக்கு 400 குத்துக்கு மேல் தேவையே இல்லை, எந்த நூலாக இருந்தாலும்.

நுனி கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால்: நூல் எங்கோ மாட்டிக்கொண்டு சட்டென்று இழுபட்டிருக்கிறது. கண்டின் விளிம்பில் நூல் செருகிவைக்கும் வெட்டு இருக்கும். அதில் மாட்டுவது மிகச் சாதாரணம். வெட்டு உள்ள பக்கத்தைத் திருப்பி மாட்டுங்கள். கண்டைப் பிடித்துவைக்கும் மூடி கண்டைவிடச் சிறியதாக இருந்தாலும் இதே கதைதான்.

இரண்டும் இல்லை, ஆனாலும் அறுகிறது என்றால் நூலையே சந்தேகப்படுங்கள். ஒரு முழ நீளம் எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். சுலபமாக அறுந்தால் அந்தக் கண்டு லேபிளுக்கு ஆகாது. ஜன்னலோரம் வெயிலில் கிடந்த கண்டுகள் இப்படித்தான் ஆகிவிடுகின்றன. லேபிளுக்கு நான் சொல்வது பாலியெஸ்டர் எம்பிராய்டரி நூல் மட்டுமே. மொத்தக் கடைகளில் கோனின் மேல் 120டி/2 என்று எழுதியிருப்பதுதான் 40 எண் நூல். ரேயான் நூல் பளபளப்பில் இன்னும் அழகு. ஆனால் நனைந்தால் வலுவிழக்கும். பிளீச் பட்டால் நிறம் போகும். போர்வை அடிக்கடி துவைக்கப்படுவது.

ஒரே எழுத்தின் ஒரே இடத்தில் மட்டும் அறுந்தால் குறை வடிவக் கோப்பில், அதாவது மெஷின் படித்துத் தைக்கும் கணினிக் கோப்பில், இருக்கிறது. அந்த இடத்தில் குத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும். அடர்த்தியைக் குறைத்துக் கோப்பை மறுபடி எழுத வேண்டும்.

எல்லாம் மாற்றியும் எல்லா இடத்திலும் அறுந்தால், ஊசித் தகட்டின் துளை விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். முன்பு எப்போதோ ஊசி இடித்த வடு சொரசொரப்பாக நகத்தில் தட்டும். தகட்டை நாமே மாற்றிக்கொள்ளலாம். சொரசொரப்பு கீழே சுற்றும் கொக்கியில் இருந்தால் மெக்கானிக்கிடம் போகவேண்டியதுதான்.

அறிகுறி: மேலே கீழ் நூல் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது

துணியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பட்டையாக நிரம்பிய தையலில், பட்டையின் நடுவே மூன்றில் ஒரு பங்கு அகலம் பாபின் நூல் தெரிய வேண்டும்; இரு ஓரமும் மேல் நூல். அதுதான் சரியான நிலை.

அடியில் முழுக்க வெள்ளை, மேலேயும் ஓரத்தில் வெள்ளை என்றால் மேல் நூல் அதிக இறுக்கம். டென்ஷனை ஒரு எண் குறைத்துப் பாருங்கள். அடியில் வெள்ளையே இல்லாமல் மேல் நூலே நிரம்பியிருந்தால் மேல் இறுக்கம் போதவில்லை. ஒரு எண் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு எண் மட்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு எழுத்து சோதனை.

டென்ஷனைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாபினில் என்ன நூல் சுற்றியிருக்கிறீர்கள்? சாதாரணத் தையல் நூலாக இருந்தால் அது தடிமன். எம்பிராய்டரிக்கென்று விற்கும் மெல்லிய பாபின் நூலை மாற்றியதுமே பலருக்குச் சரியாகிவிடுகிறது. பாபின் அதே மெஷினுக்கு உரியதுதானா என்பதையும் பாருங்கள். பிளாஸ்டிக் பாபின் போட வேண்டிய மெஷினில் பக்கத்துக் கடையில் வாங்கிய இரும்புப் பாபினைப் போட்டால் உயரம் சற்று மாறினால்கூட இறுக்கம் தாறுமாறாகும்.

பாபின் கேஸைத் தனியாகக் கழற்றக்கூடிய மெஷின் என்றால், நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக வழுக்கி இறங்கினால் தளர்ச்சி. கையை மெல்ல உதறும்போது மட்டும் ஓரங்குலம் இரண்டங்குலம் இறங்கி நின்றால் சரி. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். அதன் சிறு திருகைக் கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்புவதற்கு முன் திருகு இருந்த நிலையைப் படம் எடுத்துவைப்பது நல்லது.

அவசரம் என்றால் ஒரு குறுக்குவழி: மேல் நூலின் நிறத்திலேயே பாபினையும் சுற்றிவிடுங்கள். லேபிளின் பின்பக்கம் போர்வைக்குள் மறைந்துவிடுகிறது; அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

அறிகுறி: எழுத்தைச் சுற்றித் துணி சுருங்குகிறது

எல்லாவற்றிலும் அதிகம் வருவது இதுதான். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

எப்போது சுருங்குகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

தைக்கும்போதே சுருங்கினால்: துணிக்கு அடியில் தாங்கல் போதவில்லை. எம்பிராய்டரிக்கான ஸ்டெபிலைசர் தாளில் கிழித்தெடுப்பது, வெட்டியெடுப்பது என்று இரண்டு வகை உண்டு. நாலு வரி எழுத்து நெருக்கமாக வரும் லேபிளுக்கு நான் வெட்டியெடுப்பதைத்தான் வைக்கச் சொல்வேன். அது தையலுக்கு அடியில் நிரந்தரமாகத் தங்கி, துவைத்த பிறகும் எழுத்தைத் தாங்கும். கிழித்தெடுக்கும் தாள்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு அடுக்கு வையுங்கள். கிழிக்கும்போது எழுத்தின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடுக்காகக் கிழியுங்கள். மொத்தமாக இழுத்தால் நன்றாக விழுந்த எழுத்தும் கோணிப்போகும். செய்தித்தாள் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், மை வெள்ளைத் துணியில் இறங்கும்.

துணியும் முக்கியம். நெருக்கமாக நெய்த பாப்ளின், கேம்பிரிக், கழுவிச் சுருக்கம் போக்கிய காடா ஆகியவை லேபிளுக்கு நல்லவை. மல் துணி பார்க்க அழகு, ஆனால் எழுத்தைத் தாங்காது. பாட்டியின் மல் புடவையிலிருந்துதான் லேபிள் வேண்டும் என்பவர்கள் உண்டு. அந்த ஆசை நியாயமானது. பின்னால் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய ஃபியூசிங் துணி ஒட்டி, அதற்குப் பிறகு ஸ்டெபிலைசர் வைத்தால் மல்லிலும் எழுதலாம். கெட்டியாகக் கஞ்சி போட்டு, விறைப்பாக இஸ்திரி போட்டுக்கொள்வதும் கைகொடுக்கும். செலவே இல்லாத வழி அது.

வளையத்திலிருந்து கழற்றியதும் சுருங்கினால்: வளையத்தில் மாட்டும்போது துணியை இழுத்திருக்கிறீர்கள். துணி தட்டையாக, ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். நெசவு நூல் வளைந்து தெரியுமளவு நீட்டப்பட்டிருக்கக் கூடாது. மாட்டித் திருகை முடுக்கியபின் ஓரத்தைப் பிடித்து இழுப்பதுதான் தவறு. நீட்டப்பட்ட துணி வளையம் கழன்றதும் பழைய அளவுக்கு மீளும். அதன்மேல் விழுந்த தையல் மீளாது. பாவும் ஊடையும் நேர்கோட்டில் போகிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

துணியை முன்கூட்டியே லேபிள் அளவுக்கு வெட்டிவிட்டு வளையத்தில் மாட்டப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 10 சென்டிமீட்டர் வளையத்துக்குக் குறைந்தது 18 சென்டிமீட்டர் சதுரத் துணி எடுங்கள். எழுதி முடித்து, இஸ்திரி போட்டு, அதன்பிறகே லேபிள் அளவுக்கு வெட்டுங்கள்.

துவைத்த பிறகு சுருங்கினால்: துணியை முன்பே நனைத்துக் காயவைக்கவில்லை. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். பாலியெஸ்டர் நூல் சுருங்காது. நடுவில் மாட்டிய எழுத்து புடைத்துக்கொள்ளும். இதற்குப் பிறகு செய்யக்கூடியது ஒன்றுமில்லை. லேபிளைப் பிரித்து வேறு தைக்க வேண்டும். அதனால் லேபிள் துணியை வாங்கி வந்த அன்றே வெந்நீரில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.

மூன்று வேளையிலும் சரியாகச் செய்தும் சுருங்கினால் கோப்பின் அடர்த்தியைப் பாருங்கள். 40 எண் நூலில் தையல் வரிகளுக்கு நடுவே 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது வழக்கம். பெரிய எழுத்துக் கோப்பை மெஷின் திரையிலேயே பாதியாகச் சுருக்கினால், சில மெஷின்கள் குத்துகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் அப்படியே நெருக்கிவிடும். அட்டைபோல் விறைத்த எழுத்து வந்தால் அதுதான் காரணம்.

அறிகுறி: மெஷினிலேயே உள்ள எழுத்து கோணலாக வருகிறது

வளையம் இல்லாமல், தையல் வகைகளோடு எழுத்தும் சேர்ந்து வரும் மெஷின்களுக்கு இந்தப் பகுதி. அவற்றில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துதான் இருக்கும்.

‘O’ மூடவில்லை, ‘B’யின் இரண்டு வயிறும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது என்றால், மெஷின் துணியை முன்னும் பின்னும் ஒரே அளவில் நகர்த்தவில்லை. முதல் காரணம் நம் கை: துணியைப் பிடித்து இழுக்கிறோம் அல்லது தள்ளுகிறோம். கை வழிகாட்ட மட்டும் செய்யட்டும். இரண்டாவது பாதம். அடியில் பள்ளம் உள்ள எம்பிராய்டரிப் பாதத்தைப் போடுங்கள். சாதாரணப் பாதம் தடித்த தையலின் மேல் ஏறி நின்றுவிடும். மூன்றாவது அடித்தாள். அதன்பிறகும் கோணினால் மெஷினில் தையலைச் சமன்செய்யும் திருகோ திரையில் அதற்கான அமைப்போ இருக்கும்; கையேட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு படியாக மாற்றி, ‘8’ என்ற எண்ணை எழுதிப் பாருங்கள். கோளாறு ‘8’இல்தான் பளிச்சென்று தெரியும்.

முடிந்த போர்வையின் மேலேயே எழுத முயன்றால் இது எதுவும் பலிக்காது. போர்வையின் கனம் துணியை இழுத்துக்கொண்டே இருக்கும். லேபிள் தனித்துணி, தனிவேலை.

அறிகுறி: தமிழ் எழுத்து உடைகிறது அல்லது படிக்க முடியவில்லை

இதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கணினித் திரையிலேயே உடைகிறதா, துணியில் மட்டும் உடைகிறதா?

திரையிலேயே உடைந்தால்: ‘கொ’ என்று தட்டினால் கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், புள்ளி எழுத்தை விட்டுத் தள்ளி விழும். எழுத்துருவைக் குறைசொல்லிப் பயனில்லை. எம்பிராய்டரி மென்பொருள் ஒருங்குறி (யூனிகோட்) தமிழைச் சேர்த்து அடுக்கத் தெரியாதது. இதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருவைப் பயன்படுத்துவது. அதில் ஒவ்வொரு கொம்பும் காலும் தனி வடிவம். நீங்கள் எந்த வரிசையில் தட்டுகிறீர்களோ அந்த வரிசையிலேயே நிற்கும். ஒற்றைக்கொம்பு, ‘க’, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டினால் ‘கொ’ முழுசாக வரும். மென்பொருள் அதை ஆங்கில எழுத்து என்று நினைத்துக்கொண்டு ஒழுங்காகத் தையலாக்கிவிடும்.

இரண்டு, இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவில் தட்டுவது. அங்கே தமிழ் உடையாது. பிறகு எழுத்தை உருவமாக மாற்றி, இங்க்/ஸ்டிச் என்ற இலவச இணைப்பால் தையலாக்கலாம். எழுத்தின் வெளிவிளிம்பை அப்படியே நிரப்பச் சொல்லாமல், ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும் ஒரு கோடு வரைந்து அந்தக் கோட்டைத் தையலாக்குவது சிறிய லேபிளுக்கு நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் எழுத்து தெளிவாக வரும். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். அம்மாவின் கையெழுத்தை ஒரு தாளில் வாங்கிப் படமெடுத்து, அதன்மேல் கோடு வரைந்து, மூன்று தடவை போய்வரும் ஓட்டுத்தையலாக மாற்றினால் அவர் கையெழுத்தே துணியில் விழும். எந்த எழுத்துருவும் அதற்கு ஈடாகாது.

கோப்பை மெஷினுக்கு ஏற்ற வகையில் சேமியுங்கள்: பிரதர் மெஷின்களுக்கு பி.இ.எஸ்., ஜனோம் மெஷின்களுக்கு ஜே.இ.எஃப். டி.எஸ்.டி. வகையைப் பல மெஷின்கள் படிக்கும், ஆனால் அதில் நூலின் நிறம் பதிவாகாது. பென் டிரைவில் கோப்பே தெரியவில்லை என்றால் டிரைவை ஃபேட்32 முறையில் அழித்தமைத்து (ஃபார்மட் செய்து), சிறிய கொள்ளளவு உள்ளதாகப் போட்டுப் பாருங்கள். கோப்பின் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள்.

துணியில் மட்டும் உடைந்தால்: எழுத்து சிறிதாகிவிட்டது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 40 எண் நூலில் 6 மில்லிமீட்டர் உயரம் போதும். தமிழுக்குப் போதாது. ‘ணை’, ‘ஞ’, ‘ஐ’ போன்றவற்றில் சுழிகள் அதிகம். சுழியின் உள்வெளி 1 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நூல் அதை அடைத்துவிடும். ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரிவது இதனால்தான். ‘க’வின் உயரம் 9, 10 மில்லிமீட்டர் இருக்கட்டும். ‘ளூ’, ‘ணு’ போன்றவை கீழே இறங்குவதால் வரி இடைவெளியையும் தாராளமாக விடுங்கள்.

அவ்வளவு இடமில்லை என்றால் முதலில் வாசகத்தைக் குறையுங்கள். பெயர், ஊர், ஆண்டு போதும். அதற்கும் இடமில்லை என்றால் 60 எண் நூலுக்கு மாறுங்கள். எண் கூடினால் நூல் மெலியும். கூடவே 9 நம்பர் ஊசி.

புள்ளி தனிப் பிரச்சினை. 1 மில்லிமீட்டர் புள்ளி ஒன்று முடிச்சாகிவிடும், அல்லது நூல் வெட்டும்போது அவிழ்ந்து காணாமல்போகும். ‘தமிழ்’ என்பது ‘தமிழ’ ஆகிவிடும். புள்ளியை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கி, தொடக்கத்திலும் முடிவிலும் பூட்டுத்தையல் வையுங்கள். எழுத்திலிருந்து புள்ளிக்குப் போகும் நூலைத் தைத்து முடித்தபின் கையால் வெட்டுவது பாதுகாப்பு.

வளையத்தைக் கையால் நகர்த்தி எழுதுகிறவர்களுக்கு

துணியை நகர்த்தும் பல்லைக் கீழிறக்கிவிட்டு, சாதாரண மெஷினிலேயே வளையத்தை நகர்த்திப் பெயர் எழுதும் வித்தை நம் தையல்காரர்களுக்குப் பழக்கமானது. தமிழ் லேபிளுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. எந்த மென்பொருளும் வேண்டாம்.

தையல் ஓரிடத்தில் நெருக்கமும் ஓரிடத்தில் நீளமுமாக விழுந்தால் கையின் வேகமும் மெஷினின் வேகமும் ஒத்துப்போகவில்லை. மெஷினைச் சற்று வேகமாகவும் கையை நிதானமாகவும் ஓட்டுங்கள். வளைவில் கையை நிறுத்தாதீர்கள். தையல் தாண்டினால், அதாவது நடுநடுவே குத்து விழாமல் போனால், துணி வளையத்தில் தளர்ந்திருக்கிறது, அல்லது பாதம் இல்லாமல் எழுதுகிறீர்கள். கிழிசலை இழையோட்டி அடைக்கப் பயன்படும் ரஃபூப் பாதம் போட்டால் தாண்டுவது நிற்கும், விரலுக்கும் பாதுகாப்பு. பாதம் போடாமல் எழுதிப் பழகியவர்களும் பாதத்தூக்கியைக் கீழே இறக்க மறக்கக் கூடாது. இறக்காவிட்டால் டென்ஷன் இல்லை. முன்பு சொன்ன கூடுதான் கட்டும்.

அறிகுறி: குறித்த கோடு போகவில்லை, அல்லது போய்த் திரும்பி வருகிறது

நீரில் கரையும் நீலப் பேனா என்றால், இஸ்திரி போடும் முன் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். சூடு பட்டால் கறையாக நின்றுவிடும். பிறகு போவது கடினம். சோப்பு நீரும் வேண்டாம், முதலில் வெறும் தண்ணீர்.

தானாக மறையும் ஊதாப் பேனா ஈரக்காற்றில் சீக்கிரம் மறையும். கடலோர ஊர்க்காரர்கள் காலையில் குறித்துவிட்டு மாலையில் தைக்கலாம் என்று விடாதீர்கள்.

வெப்பத்தில் மறையும் பேனா இஸ்திரியில் உடனே மறைந்துவிடும். ஆனால் மை துணியிலேயேதான் இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால் திரும்பத் தெரியத் தொடங்கும். கனடாவில் இருக்கும் பேரக்குழந்தைக்கு அனுப்பும் போர்வை லேபிளில் அந்தப் பேனாவைத் தொடாதீர்கள்.

அறிகுறி: பெயரில் எழுத்துப்பிழை

பிரிக்கலாம். துணியைத் திருப்பி, அடிப்பக்கத்தில் பாபின் நூலைத் தையல் பிரிப்பானால் வெட்டுங்கள். பிறகு மேலே திருப்பினால் மேல் நூல் இழையிழையாக வந்துவிடும். மேல் பக்கத்திலிருந்து வெட்டப்போனால் துணி கிழியும். ஓட்டைகள் மறைய ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டு, நகத்தால் இரு பக்கமும் தேய்த்துவிடுங்கள். அடர்த்தியான எழுத்தானால் புதுத் துணியில் மறுபடி எழுதுவதே வேகம். ல, ள, ழ எது என்று பெயருக்கு உரியவரிடமே எழுதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

அறிகுறி: நடுவில் கரண்ட் போய்விட்டது

வளையத்திலிருந்து துணியைக் கழற்றாதீர்கள். சில மெஷின்கள் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும். வைத்திராத மெஷினில் கோப்பை மறுபடி திறந்து, திரையில் குத்து எண்ணை முன்னோக்கி நகர்த்தி, விட்ட இடத்துக்கு நாலைந்து குத்து முன்பிருந்து தொடருங்கள்.

அறிகுறி: துவைத்தபின் சாயம் இறங்குகிறது, ஓரம் பிரிகிறது

சிவப்பு, கருநீலம், கறுப்பு நூல்களை லேபிளில் போடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: நூலை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து இஸ்திரி போடுங்கள். நிறம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம்.

ஓரம் பிரிந்தால் ஒட்டுப் பசையை மட்டும் நம்பி ஒட்டியிருக்கிறீர்கள். பசை துவைப்புக்கு நிற்காது. ஓரத்தை 1 சென்டிமீட்டர் உள்ளே மடித்து, மறைதையலால் கையால் தையுங்கள். ஊசி போர்வையின் பின்துணியையும் நடுப்பஞ்சையும் மட்டும் பிடிக்க வேண்டும், முன்பக்கம் வரக்கூடாது. இதைவிட உறுதியானது, விளிம்புப் பட்டை தைக்கும் முன்பே லேபிளைப் பின்பக்க மூலையில் வைத்து, அதன் இரண்டு பக்கத்தைப் பட்டைக்குள் சேர்த்துத் தைத்துவிடுவது. இரண்டு பக்கம் கைத்தையல், இரண்டு பக்கம் பட்டை. அதைக் கழற்ற வேண்டுமானால் போர்வையையே பிரிக்க வேண்டும். கண்காட்சிக்கோ விற்பனைக்கோ போகும் போர்வைக்கும் இந்த வழிதான் நல்லது.



மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய கட்டம்

புது ஊசி, சரியான பாபின், மறுபடி கோர்த்த நூல், சுத்தமான குழி எல்லாம் ஆகியும் தையல் தாண்டிக்கொண்டே இருந்தால் ஊசிக்கும் கொக்கிக்கும் உள்ள நேரக்கணக்கு தப்பியிருக்கிறது. ஊசி தகட்டிலோ வளையத்திலோ பலமாக இடித்த பிறகு தொடங்கியிருந்தால் கிட்டத்தட்ட உறுதி. கைச்சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஓரிடத்தில் இரும்போடு இரும்பு உரசினால் அதற்குமேல் ஒரு குத்துகூட ஓட்டாதீர்கள்.

வளையத்தை நகர்த்தும் கை கரகரவென்று சத்தமிட்டால், முதலில் மெஷினுக்குப் பின்னால் சுவரோ சாமானோ இடிக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இடிக்காமலே சத்தமிட்டால், அல்லது ஒவ்வொரு நிறம் மாறும்போதும் எழுத்து ஒரே பக்கமாக விலகினால், உள்ளே பெல்ட்டோ மோட்டாரோ பார்க்க வேண்டும். திரையில் ஒரே பிழை எண் அணைத்துப்போட்டும் திரும்ப வந்தாலும், எரிந்த வாசனை வந்தாலும் அப்படியே. கணினி மெஷினை நாமாகத் திறந்து எண்ணெய் விட வேண்டாம். கையேட்டில் சொன்ன இடத்தில் மட்டும் ஒரு சொட்டு.

போகும்போது மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கெட்டுப்போன லேபிளை வளையத்தோடும், அதே நூலோடும், அதே பாபினோடும் கொண்டுபோங்கள். வெறும் மெஷினைக் கடையில் ஓட்டிப் பார்த்தால் நேர்த்தையல் நன்றாகத்தான் விழும். அவர்கள் முன்னாலேயே உங்கள் துணியில் உங்கள் எழுத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழுது பார்த்து வாங்கும்போதும் அதே எழுத்தை அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.